மஞ்சள் பின்னுக்கு ஓட்டை இல்லை

மொக்கைச்சாமி தன் சொந்த வீட்டுக்கு ஏணி வைத்துத்தான் ஏறிப் போய்க்கொண்டிருந்தார். இந்தக் காலத்தில் திருடன்கூட வாசல் வழியாக வருகிறான். ஒழுங்காக வீட்டு வரி கட்டுகிற மனுஷன், ராஜபாளையத்தில் மில் ஃபிட்டர் என்று நாலு பேருக்குத் தெரிந்த மனுஷன், டிபன் வாளியைப் பல்லில் கடித்துக்கொண்டு சுவர் ஏறினார்.

எல்லாம் ஒரு நாயால் வந்த வினை. முன்வீட்டுப் பொன்னுராஜ் சவுதியில் சம்பாதித்துத் திரும்பி வந்து, கோயம்புத்தூர் வரைக்கும் காரில் போய் ராஜபாளையம் நாய்க்குட்டி ஒன்று வாங்கி வந்தார். ராஜபாளையத்துக்காரர் ராஜபாளையம் நாயை வெளியூரில் போய் வாங்கியதே முதல் கோளாறு. அந்த நாய்க்கு மூக்கு ரோஜா நிறத்தில் இருக்க வேண்டும் என்பது ஊரில் பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரியும். பொன்னுராஜ் வாங்கிய குட்டிக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது. பிறகு நாளுக்கு நாள் கறுத்துக்கொண்டே வந்தது. டீக்கடையில் நாலு பேர் இருக்கும்போது மொக்கைச்சாமி சும்மா இருந்திருக்கலாம்.

"மாப்ள, இது ராஜபாளையம் நாய் இல்ல, ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டு நாய்" என்றார்.

டீக்கடையே சிரித்தது. பொன்னுராஜ் காசைக் கொடுத்துவிட்டு எழுந்து போனார். அடுத்த வாரம் செங்கல் வந்து இறங்கியது. பொன்னுராஜின் வீட்டுக்கும் அவருடைய ஷெட்டுக்கும் நடுவே போகிற சந்துதான் மொக்கைச்சாமி வீட்டுக்கு ஒரே வழி. பின்னால் மில் காம்பவுண்டு, பக்கத்தில் ஓடை. சந்தின் வாயில் ஆள் உயரத்துக்குச் சுவர் எழும்பியது. கேட்டால், கம்ப்யூட்டர் வரைபடத்தில் சந்தே இல்லை, மொத்தமும் தன் பெயரில்தான் இருக்கிறது என்று பொன்னுராஜ் ஒரு தாளை நீட்டினார். தாளில் சந்து இல்லைதான். வரைபடத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றியபோது எவனோ கோட்டை விட்டுவிட்டான்.

மொக்கைச்சாமிகூடச் சமாளித்தார். வேலுத்தாயால் முடியவில்லை. அவருடைய சம்சாரம் தளவாய்புரம் கம்பெனிக்கு நைட்டி தைத்துக் கொடுக்கிறவள். நைட்டி மூட்டையைச் சுவருக்கு மேலே தூக்கி எறிந்துவிட்டு, பின்னாலேயே ஏறியவள் மேல்படியில் வழுக்கி விழுந்தாள். முழங்கால் பூசணிக்காயாக வீங்கியது. எண்ணெய் தேய்த்துவிட்ட புருஷனிடம் அவள் சொன்னாள்:

"இந்தாருங்க, நல்லாக் கேட்டுக்கோங்க. இனிமே இந்த வீட்ட விட்டு வெளிய போனா பொடிநடையாத்தான் போவேன். ஏணியில ஏற நான் ஒண்ணும் கொத்தனார் இல்ல. பாத வந்தாத்தான் நான் வருவேன்."

சொன்னது சொன்னதுதான். அன்றிலிருந்து வேலுத்தாய் தெருவைப் பார்க்கவில்லை. தங்கச்சி மகள் சடங்குக்குப் போகவில்லை. ஆண்டாள் தேருக்குப் போகவில்லை. வாசலில் நின்று சுவரைப் பார்த்துவிட்டு, திரும்பவும் மிஷினில் போய் உட்காருவாள். அந்த மிஷின் சத்தம் கேட்கும்போதெல்லாம் மொக்கைச்சாமிக்குத் தன் வாயிலேயே இரண்டு போடலாம் போல இருக்கும்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பாதை உரிமைத் தீர்வு மையம் என்று ஓர் அலுவலகம் இருக்கிறது, அங்கே போ என்று மில்லில் சொன்னார்கள். போனார். கட்டடம் பழசு, பெயிண்ட் புதுசு. நுழைந்ததும் எதிர்ச்சுவர் முழுக்க எழுபத்தைந்து அங்குலத்தில் ஒரு டிவி. அதற்கு மாலை போட்டிருந்தார்கள். யாரோ காலமாகிவிட்டார்கள் போல என்று மொக்கைச்சாமி செருப்பைக் கழற்றிவிட்டார்.

"அது தொடக்க விழா மாலை. போன வருசம் போட்டது. கழட்டுறதுக்கு உத்தரவு வரல" என்றார் ஈஸ்வரி. அந்த அலுவலகத்தில் உண்மையில் வேலை பார்க்கிற ஒரே எழுத்தர்.

தனி அலுவலர் பிரேம்குமார் அந்த டிவிக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தார். மொக்கைச்சாமி சொன்னதை எல்லாம் கண்ணை மூடிக் கேட்டார். ரிமோட்டை அழுத்தினார். டிவியில் வரைபடம் வந்தது.

"பாத எங்க இருக்கு?"

"எங்க வீட்டு முன்னால சார்."

"திரையில எங்க இருக்குன்னு கேக்கிறேன்."

"திரையில இல்ல சார்."

"அப்ப இல்ல" என்றார் பிரேம்குமார். குரலில் துளி கோபம் கிடையாது. "மொக்கைச்சாமி, ஒண்ணு புரிஞ்சுக்கணும். பூமி மழைக்குக் கரையும், வெயிலுக்கு வெடிக்கும். அத நம்பி ஒரு அலுவலகம் நடத்த முடியுமா? திரை அப்படி இல்ல. கரண்டு இருக்கிற வரைக்கும் மாறாது."

"சாட்சி கூட்டிட்டு வரட்டுமா சார்? தெருவே சொல்லும்."

"மனுஷன் பொய் சொல்வான். நானே சொல்லியிருக்கேன். படம் இருக்கா? அந்தப் பாதையில ஆள் நடக்கிற மாதிரி, பழைய படம், அசையுற படம்?"

மொக்கைச்சாமிக்குப் பொறி தட்டியது. கல்யாண கேசட். தொண்ணூற்றெட்டில் வீடியோக்காரர் பென்சன் எடுத்தது. மாப்பிள்ளை அழைப்பே அந்தச் சந்துக்குள்தான் கொட்டு மேளத்தோடு போனது. விஷயத்தைச் சொன்னதும் பிரேம்குமார் எழுந்து நின்று கை கொடுத்தார். மையம் தொடங்கியதிலிருந்து வருகிற முதல் அசையும் சான்று அதுதானாம்.

பென்சன் இப்போது பிளெக்ஸ் பேனர் அடிக்கிற கடை வைத்திருக்கிறார். காதுகுத்து, கட்சி, கண்ணீர் அஞ்சலி எல்லாம் அவர் கைவண்ணம். கேசட்டைப் பார்த்ததும், தூசி தட்டி, பழைய வி.சி.ஆர். டெக்கில் ஓட்டி, கம்ப்யூட்டரில் ஏற்றி, பென் டிரைவில் போட்டுக் கொடுத்துவிட்டார். ஒரே நாள் வேலை. சனியன் இத்தோடு தொலைந்தது என்று மொக்கைச்சாமி பஸ் ஏறினார்.

பிரேம்குமார் பென் டிரைவைத் தொடவே இல்லை. பேனா முனையால் தள்ளிவிட்டார்.

"இது நகல். நகலை வச்சுப் பாத குடுத்தா, நாளைக்கு நீங்க நகல்லதான் நடக்கணும். அசல் வேணும். அசல் கேசட், அசல் டெக்கு, அசல் ஒயர். நேரா எங்க திரையில ஓடணும்."

சரி, அதற்கென்ன. பென்சனிடம் டெக்கை இரவல் வாங்கி, சாக்கில் கட்டி, மடியில் வைத்துக்கொண்டு மறுபடியும் ஸ்ரீவில்லிபுத்தூர். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர், "என்னண்ணே, பால்கோவா அடுப்பா?" என்று கேட்டார். அலுவலகத்தில் டெக்குக்கு டோக்கன் போட்டார்கள். டோக்கன் வாங்கிய பொருள் நாற்காலியில்தான் உட்கார வேண்டும் என்பதால், டெக் நாற்காலியில் உட்கார்ந்தது, மொக்கைச்சாமி நின்றார்.

முறை வந்தது. டெக்குக்குப் பின்னாலிருந்து மூன்று ஒயர்: மஞ்சள், வெள்ளை, சிவப்பு. மஞ்சள்தான் படம். மற்ற இரண்டும் சத்தம். ஈஸ்வரி ஸ்டூல் போட்டு ஏறி டிவிக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தார். சப்பையாக நாலு ஓட்டை இருந்தது. பென் டிரைவுக்கு இரண்டு ஓட்டை இருந்தது. மஞ்சள் பின் போகிற மாதிரி உருண்டையாக ஒன்றுகூட இல்லை.

"சார், மஞ்சளுக்கு ஓட்டை இல்ல" என்றார் ஈஸ்வரி.

பிரேம்குமார் முகம் பெருமையில் மலர்ந்தது. "இருக்காது. இது நவீனம். பழசு எதுவும் உள்ள வரக் கூடாதுன்னே இத வாங்கினோம்."

"அப்ப கேசட்ட எப்படி சார் போட?"

"அது உங்க பாடு. எங்க விதி ரெண்டே ரெண்டு. சான்று பழசா இருக்கணும். திரை புதுசா இருக்கணும். நடுவுல இருக்கிறது மனுதாரர் பொறுப்பு."

நடுவில் இருப்பதற்கும் ஒரு வழி இருந்தது. பென்சன் சொன்னார், தீப்பெட்டி மாதிரி ஒரு டப்பா விற்கிறது, ஒரு பக்கம் மஞ்சளைச் செருகினால் மறுபக்கம் புது டிவிக்கு ஏற்ற மாதிரி வெளியே வரும் என்று. மொக்கைச்சாமி மதுரையிலிருந்து வரவழைத்தார். பிரேம்குமார் அந்த டப்பாவை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"இது என்ன செய்யும்?"

"கேசட் சொல்றத வாங்கி, டிவிக்குப் புரியுற மாதிரி மாத்திச் சொல்லும் சார்."

பிரேம்குமார் வாசல் பக்கம் கையைக் காட்டினார். அங்கே பெரிய எழுத்தில் பலகை இருந்தது: இடைத்தரகர்களுக்கு அனுமதி இல்லை.

"இதவிடப் பச்சையான புரோக்கர நான் பாத்ததில்ல" என்றார். "ஒரு பக்கம் வாங்கி மறுபக்கம் மாத்திச் சொல்றதாமே. இந்த ஆபீஸ்ல அந்த வேலைய நாங்க மட்டும்தான் செய்யலாம்."

ஈஸ்வரிக்கு இருமல் வந்துவிட்டது. மொக்கைச்சாமி டப்பாவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார்.

இனி புது டிவியிலேயே மஞ்சள் பின் ஏறுகிற டிவியாகத் தேடிப் பிடித்து, "இந்தா உன் நவீனம், இந்தா என் பழசு" என்று காட்டினால் ஒழிய விடிவு இல்லை. ராஜபாளையத்தில் ஒரு கடை விடாமல் ஏறி இறங்கினார். எல்லாக் கடையிலும் ஏ.சி. குளிர், எல்லா டிவியிலும் ஒரே கிளி பறந்தது. கழுத்தில் டை கட்டிய பையன் ஒருவன் வந்து சேர்ந்தான்.

"சார், இந்த மாடல் உங்க ஃபிரிட்ஜோட பேசும். ஏ.சி.யோட பேசும். அமெரிக்காவுல உங்க மகன் இருந்தா அவர் போனோட பேசும்."

"டெக்கோட பேசுமா தம்பி?"

பையன் மேனேஜரிடம் போய்க் கேட்டுவிட்டு வந்தான். "டெக்கோட பேச்சு வார்த்தை இல்லையாம் சார். டிவி மெலியணும்னு அந்த ஓட்டைய எடுத்துட்டாங்களாம்."

இவன் மெலிய எவன் வீட்டு வழியை அடைப்பது என்று மொக்கைச்சாமிக்கு ஆத்திரம் வந்தது. கடைசியில் தளவாய்புரத்தில் நைட்டி மூட்டை இறக்கப் போன இடத்தில், கட்டிலும் பீரோவும் விற்கிற கடையில் ஒரு டிவி அகப்பட்டது. பெயர் கேள்விப்படாத கம்பெனி. ஆனால் புதுசு. பின்னால் பச்சை வளையம் போட்ட உருண்டை ஓட்டை. மஞ்சளைப் பச்சையில் செருகினால் படம் வரும் என்று கடைக்காரர் செருகியே காட்டினார். மொக்கைச்சாமி அங்கேயே தவணை போட்டு வாங்கி, ஆட்டோவில் ஏற்றி நேரே அலுவலகத்துக்குக் கொண்டுபோய் இறக்கினார்.

பிரேம்குமார் வருத்தத்தோடு தலையை ஆட்டினார்.

"முதல் விஷயம், மஞ்சளைப் பச்சையில சொருகுறது. வேற வேற நிறம் குடுத்ததே ஒண்ணோட ஒண்ணு கலக்கக் கூடாதுன்னுதான். ரெண்டாவது, இது உங்க டிவி. உங்க டிவியில தெரிஞ்சா அது உங்க பாத. எங்க டிவியில தெரிஞ்சாத்தான் பொதுப் பாத."

"என் பாத இருந்தாப் போதும் சார்."

"அது சுயநலம்" என்றார் பிரேம்குமார்.

டிவியைத் திருப்பிக் கொடுக்கக் கடைக்காரர் சம்மதிக்கவில்லை. சுவருக்கு மேலே கயிறு கட்டி வீட்டுக்குள் இறக்கினார்கள். வேலுத்தாய் உள்ளே நின்று இரண்டு கையாலும் வாங்கினாள்.

"பாதயக் கேட்டா படத்தக் கொண்டு வாரீரே" என்றாள். டிவியை இறக்கி வைத்துவிட்டு மிஷினில் போய் உட்கார்ந்தாள். அவள் திட்டியிருந்தால் மொக்கைச்சாமிக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

ஆனால் மையம் சும்மா இருந்தது என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஆடி மாசம், பழைய சைகை ஏற்கும் புதிய திரை தேடும் குழு என்று ஒன்றை அமைத்தார்கள். பிரேம்குமார் தலைவர். குழு ஜீப்பில் குற்றாலம் போனது. சீசன் நேரத்தில் பல ஊர் ஜனங்களும் பல ஊர்ச் சரக்கும் அங்கே வந்து சேரும், ஆகவே தேடலுக்கு அதுவே உகந்த இடம் என்று அறிக்கையில் காரணம் எழுதியிருந்தது. திரும்பி வந்த பிரேம்குமாரின் தலை எண்ணெய் மினுக்கோடு இருந்தது. அவர் மொக்கைச்சாமியைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"உங்களுக்காக நாங்க படாத பாடு இல்ல. மெயின் அருவியில தேடினோம். ஐந்தருவியில தேடினோம். பழைய குற்றாலத்துல கூட்டம் கம்மியா இருந்ததால அங்க ரொம்ப நேரம் தேடினோம். மஞ்சள் பின்னுக்கு ஓட்டை உள்ள திரை எங்கயும் இல்ல. இனி இல்லைங்கறது நிரூபணம் ஆயிருச்சு."

"சார், அருவிக்குள்ள டிவி எதுக்கு சார் இருக்கப் போகுது?"

"பாத்தீங்களா? நாங்க நேர்ல போய்க் கண்டுபிடிச்சத நீங்க உக்காந்த இடத்துல சொல்றீங்க. படிச்சவன் அப்படிச் சொல்ல மாட்டான்."

அன்று பஸ் ஸ்டாண்டில் மொக்கைச்சாமி வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டார். வீட்டுக்குப் போய் அவள் முகத்தில் எப்படி முழிப்பது என்று தெரியவில்லை.

புரட்டாசியில் ஆயுத பூஜை வந்தது. அந்த மையத்தில் வேலை நடக்கிறதோ இல்லையோ, ஆயுத பூஜை அமர்க்களமாக நடக்கும். ஸ்டேப்ளர் முதல் ஜீப் வரை எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். போன வருஷம் டிவி புதுசாக வந்திருந்ததால் பிரேம்குமார் தம் கையாலேயே அதற்கு வைத்தார். முன்னால் கண்ணாடி கெட்டுவிடும் என்று பின்பக்கமாக, பட்டையாக, தாராளமாக. இந்த வருஷத்துச் சந்தனம் வைப்பதற்கு முன்னால் போன வருஷத்ததைத் துடைக்க ஈஸ்வரி ஈரத் துணியோடு ஸ்டூலில் ஏறினார். காய்ந்து கட்டியாகிக் கிடந்த சந்தனம் ஓடு மாதிரி பெயர்ந்து விழுந்தது. அதன் அடியில் குண்டூசித் தலையைவிடக் கொஞ்சம் பெரிசாக ஒரு ஓட்டை. பக்கத்தில் ஏ.வி. என்று எழுதியிருந்தது.

ஈஸ்வரி பென்சன் கடைக்குப் போன் போட்டார். அந்தச் சின்ன ஓட்டைக்கு ஒரு ஒயர் உண்டு, ஒரு முனையில் ஊசி போல பின், மறு முனையில் மஞ்சள், வெள்ளை, சிவப்பு வாங்குகிற மூன்று வாய், டிவி வாங்கும்போதே கூட வந்திருக்குமே என்றார் பென்சன். வந்திருந்தது. டிவி வந்த அட்டைப்பெட்டியில், பிரிக்காத கவரில் இருந்தது. அட்டைப்பெட்டி பிரேம்குமார் மேஜைக்கு அடியில், அவர் கால் வைத்துக்கொள்வதற்காக இருந்தது.

பிரேம்குமார் கொஞ்சமும் அசரவில்லை. "எங்க திரை எப்பவும் தயாராத்தான் இருந்துச்சு. மனுதாரர்தான் நல்ல நாள் பாத்து வரல" என்று குறிப்பு எழுதச் சொன்னார். ஒயர் டிவியோடு வந்ததால் அது இடைத்தரகர் ஆகாது, குடும்பத்தில் ஒருவர் என்றும் எழுதச் சொன்னார்.

திரையிடல் நாளன்று அலுவலகம் நிரம்பிவிட்டது. ஊழியர்களின் வீட்டம்மாக்கள் பிள்ளைகளோடு வந்திருந்தார்கள். பூஜையில் மிஞ்சிய பொரி சுற்றி வந்தது. பென்சன் டெக்கோடு வந்தார். எதிர்த் தரப்பு என்று பொன்னுராஜையும் அழைத்திருந்தார்கள். அவர் மொக்கைச்சாமியைப் பார்க்காமல், நேரே டிவியைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

கேசட் ஓடியது. பிள்ளையார் வந்தார். ரோஜாப்பூ விரிந்து அதற்குள்ளிருந்து வேலுத்தாய் வந்தாள். ஒல்லியாக, மருண்ட கண்ணோடு, கொள்ளை அழகாக இருந்தாள். மொக்கைச்சாமி ஒரு கிளி ஜோசியக்காரனின் சீட்டிலிருந்து வெளியே வந்தார். அப்புறம் இரண்டு பேரும் கைகோத்து ஒரு பனிமலையில் நடந்தார்கள்.

"நிறுத்து" என்றார் பிரேம்குமார். "இது எந்தத் தாலுகா?"

"சுவிட்சர்லாந்து சார். மிக்சிங்" என்றார் பென்சன். "அந்தக் காலத்துல எல்லாக் கல்யாணத்துக்கும் போடுவேன். எல்லாருக்கும் அதே மலைதான்."

"நம்ம எல்லைக்குள்ள வராதே."

"வராது சார். தள்ளி ஓட்டுறேன்."

பனிமலை ஓடி மறைந்தது. கொட்டுச் சத்தம் அலுவலகத்தையே அதிர வைத்தது. சந்து வந்தது. எழுபத்தைந்து அங்குலத்துக்கு, சந்தேகமே இல்லாமல், இந்தப் பக்கம் பொன்னுராஜ் வீட்டுச் சுவர், அந்தப் பக்கம் ஷெட்டு, நடுவே மாப்பிள்ளை கோலத்தில் மொக்கைச்சாமி. அவருக்கு முன்னால் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு ஒருவர் பேயாட்டம் ஆடிக்கொண்டு வந்தார். அது பொன்னுராஜ். பிள்ளைகள் கைகொட்டிச் சிரித்தன.

ஆடுகிறவரைத் தாண்டி கேமரா நகர்ந்தது. வாசல்படியில் நின்ற ஒரு அம்மா வாயில் கையை வைத்துக் குலவை போட்டாள். போட்டுவிட்டு, கேமராவைப் பார்த்து, வெட்கம் வந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். பொன்னுராஜின் அம்மா செல்லத்தாய். மொக்கைச்சாமிக்கு அத்தை முறை.

பொன்னுராஜ் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். செல்லத்தாய் போய்ச் சேர்ந்தபோது அவர் சவுதியில் இருந்தார். முகத்தைக்கூடப் பார்க்க முடியவில்லை. வீட்டில் இருக்கிற ஒரே படம் ரேஷன் கார்டிலிருந்து எடுத்துப் பெரிசு பண்ணியது. அதில் அவள் போலீஸ் ஸ்டேஷனில் நிற்கிற மாதிரி நிற்பாள். அவள் சிரித்து எப்படி இருப்பாள் என்பதே அவருக்கு மறந்து போயிருந்தது.

"சார்" என்றார் பொன்னுராஜ். குரல் உடைந்திருந்தது. "அந்த இடத்த இன்னொருக்கா போடச் சொல்லுங்க சார்."

"மறு பார்வைக்குத் தனி மனு குடுக்கணும்" என்றார் பிரேம்குமார். "எதிர்த் தரப்புக்கு அந்த வசதி கிடையாது. நீங்க தனியா ஒரு பாதத் தகராறு ஆரம்பிச்சு மனுதாரரா வாங்க."

பிறகு தீர்ப்பு வாசித்தார். தொண்ணூற்றெட்டாம் வருஷம் மனுதாரரின் கல்யாணத்தன்று அந்த இடத்தில் பாதை இருந்தது ஐயத்துக்கு இடமின்றி நிரூபணமாகிறது. ஆகவே மனுதாரர் அந்த நாளில் அந்தப் பாதையில் நடப்பதற்கு இந்த மையம் அனுமதி அளிக்கிறது. இன்றைக்குப் பாதை இருப்பதாகப் படம் எதுவும் காட்டவில்லை. சுவர் இருப்பதால், மேல்முறையீடு முடியும்வரை சுவர் மையத்தின் பாதுகாப்பில் இருக்கும். அதற்குச் சேதம் வந்தால் இரு தரப்பும் பொறுப்பு. நாளைக் காலை தனி அலுவலர் நேரில் வந்து சுவரைப் படமெடுத்துத் திரையில் ஏற்றுவார்.

"வாழ்த்துகள். ஜெயிச்சுட்டீங்க" என்று கை கொடுத்தார்.

ராஜபாளையம் பஸ்ஸில் இரண்டு பேருக்கும் ஒரே சீட்தான் கிடைத்தது. பஸ் வன்னியம்பட்டி விலக்கைத் தாண்டியது. பிறகு பொன்னுராஜ் ஜன்னலைப் பார்த்தபடி கேட்டார்:

"மச்சான், அந்தக் கேசட்ட வேற எங்கயும் பாக்க முடியாதா?"

"பென் டிரைவ்ல இருக்கு மாப்ள. வீட்டு டிவியில போட்டா வரும். எம்புட்டு நேரம் வேணும்னாலும் பாரு. மனுவெல்லாம் வேண்டாம்."

"இப்பயே வரட்டா?"

"வா. ஏணி கெடக்கு."

அந்தியில் பொன்னுராஜ் தான் கட்டிய சுவரில் ஏணி வைத்து ஏறினார். சவுதிச் சாப்பாட்டில் வளர்ந்த வயிறு. உச்சியில் போய்க் குதிரை மேல் மாதிரி உட்கார்ந்துவிட்டார். அந்தப் பக்கம் இறங்கப் பயம், இந்தப் பக்கம் திரும்ப வழியில்லை. கீழே நாய் நின்று கறுத்த மூக்கைத் தூக்கிக் குரைத்தது. வாசலில் வேலுத்தாய் இடுப்பில் கைவைத்துக்கொண்டு பார்த்தாள்.

"இறங்குங்கண்ணே. பழகிரும்" என்றாள். "நான் ஒரு தடவதான் விழுந்தேன்."

பொன்னுராஜ் அவளுடைய காலைப் பார்த்தார். "ஏத்தா, தப்புதான்" என்றார். "மச்சான், என்னய மொதல்ல இறக்கி விடு. ஷெட்டுல கடப்பாறை இருக்கு."

"டேய், சுவரு ஆபீசு பாதுகாப்புல இருக்கு மாப்ள. காலையில வாராரு."

அதற்கு வழி சொன்னவர் டெக்கிலேயே இருந்துவிட்ட கேசட்டைக் கொடுக்க வந்திருந்த பென்சன்தான். சுவரைப் பல கோணத்தில் போன் கேமராவில் எடுத்துக்கொண்டார். "ஆளுயரத்துக்குப் பிளெக்ஸ் அடிச்சிருவோம். தலைவருக்கே அறுபதடி அடிச்சவன் நான். இது ஒரு சுவரு" என்றார்.

விடிவதற்குள் செங்கல் சுவர் போய், அதே இடத்தில் பிளெக்ஸ் சுவர் கயிற்றில் கட்டி நின்றது. சிமென்ட் பூச்சு, காக்கா எச்சம் எல்லாம் அச்சு அசல். சந்து திறந்துவிட்டது என்று மொக்கைச்சாமி ஓடிப்போய்ச் சம்சாரத்தைக் கூப்பிட்டார். அவள் மிஷினை விட்டு எழவில்லை.

"அந்த மனுசன் வந்து பாத்துட்டுப் போகட்டும். மறுபடி அடைச்சிட்டானுகன்னா என்னால தாங்க ஏலாது" என்றாள். அப்போதுதான் மொக்கைச்சாமிக்கு அவள் எவ்வளவு தூரம் நொந்து போயிருக்கிறாள் என்று தெரிந்தது.

பிரேம்குமார் ஜீப்பில் வந்து இறங்கினார். கையில் டேப்லட். ஈஸ்வரி பின்னால் வந்தார். சந்தின் வாயில் நின்று பிரேம்குமார் டேப்லட்டைத் தூக்கிக் கண்ணுக்கு முன்னால் பிடித்தார். அதற்கு மேல் அவர் எதையும் நேராகப் பார்க்கவில்லை.

"நல்ல உறுதியான கட்டுமானம்" என்றார்.

ஓடைப் பக்கமிருந்து காற்று வந்தது.

"சார், சுவரு ஆடுது" என்றார் ஈஸ்வரி.

"எழுதிக்கோங்க. சுவர் காற்றோட்டமாக உள்ளது."

நாய் சுவருக்கு அடியில் நுழைந்து வெளியே வந்து, ஜீப் டயரில் காலைத் தூக்கிவிட்டு, மறுபடி சுவருக்குள் போனது. ஈஸ்வரி அதையும் பார்த்தார், மொக்கைச்சாமியையும் பார்த்தார். எதையும் எழுதவில்லை.

"எல்லாரும் ஒதுங்குங்க. அசல் படம் எடுக்கப் போறேன்" என்றார் பிரேம்குமார்.

அப்போது சுவரின் ஓரம் தூக்கியது. தலையில் நைட்டி மூட்டையோடு வேலுத்தாய் குனிந்து வெளியே வந்தாள். முழங்காலைத் தாங்கித் தாங்கி, மெதுவாக, தரையில் கால் வைத்து நடந்து வந்தாள். தெருவில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தாள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. மொக்கைச்சாமி கிட்டே போனார். மூட்டையை வாங்கக் கை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை.

பிரேம்குமார் டேப்லட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் எரிச்சலோடு சொன்னார்:

"ஏம்மா, சுவர மறைக்கிறீங்க. கொஞ்சம் தள்ளி நடங்க."

"நடக்கேன் சார்" என்றாள் வேலுத்தாய். தளவாய்புரம் பஸ்ஸுக்கு நடந்தாள்.